கடைசி எழுத்தை மட்டும் நீக்குவது எப்படி?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது முகவரிக்கும் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கமா, கடைசி வரியில் ஒரு முற்றுப்புள்ளி. உறையின் மேல் எழுதும்போது அது அழகுதான். அதே பழக்கத்தோடு கம்ப்யூட்டரில் எக்ஸெல்லைத் திறந்து முகவரிகளை டைப் செய்தால் சிக்கல் ஆரம்பமாகிறது.

எங்கள் தளவாய்புரம் நைட்டி தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே தைத்துப் பல ஊர்களுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் செய்கிற வேலை, நோட்டில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலை எக்ஸெல்லில் ஏற்றுவது. பாதி வரிகளை ஒருவர் டைப் செய்வார், மீதியை இன்னொருவர் முடிப்பார். ஒருவருக்கு வரி முடிவில் கமா போடும் பழக்கம் இருக்கும், மற்றவருக்கு இருக்காது. "தம்பி, ராஜபாளையத்துக்கு மட்டும் ஏன் ரெண்டு டோட்டல் காட்டுது?" என்று ஓர் அண்ணாச்சி என்னிடம் கேட்டார். போய்ப் பார்த்தால் சில வரிகளில் 'ராஜபாளையம்' என்றும், சில வரிகளில் 'ராஜபாளையம்,' என்றும் இருந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஊர். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். பாக்கித் தொகை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்றால் வசூலுக்குப் போகிறவர் பாதித் தொகையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

இந்த ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் குறியை நீக்குவது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம். சின்ன வேலைதான். ஆனால் தமிழில் டைப் செய்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு குறிப்பு. பார்முலாக்களை நான் இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். லெஃப்ட் என்றால் 'இடது' என்பதற்கான ஆங்கிலச் சொல். ரைட் என்றால் 'வலது'. லென் என்பது எல், இ, என் என்ற மூன்று எழுத்து. நீளம் என்ற சொல்லின் சுருக்கம். இஃப் என்பது ஐ, எஃப். ஏ2 என்றால் ஏ காலத்தில் இரண்டாவது வரிசையில் உள்ள செல். கமா, மேற்கோள் குறி, அடைப்புக்குறி எல்லாம் நான் போட்டிருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். இரண்டிலும் பங்க்ஷன்களின் பெயர்கள் ஒன்றுதான்.

நீளம் தெரிந்தால் போதும்

கம்ப்யூட்டர் மொழியில் தொடர்ச்சியான எழுத்துகளை ஸ்டிரிங் என்பார்கள். தமிழில் சரம். பூக்காரம்மா கட்டித் தரும் சரம் போலத்தான். ஒவ்வொரு பூவும் ஒரு கேரக்டர். எல்லாச் சரமும் ஒரே நீளமாக இருந்தால் 'முதல் பத்தை எடு' என்று சொல்லிவிடலாம். ஊர்ப் பெயர்கள் அப்படி இல்லை. தேனியும் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிறது. அதனால் முதலில் நீளத்தை அளந்து, அதில் ஒன்றைக் கழித்து, மிச்சத்தை இடது பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்.

=லெஃப்ட்(ஏ2,லென்(ஏ2)-1)

ஏ2 செல்லில் 'ராஜபாளையம்,' என்று கமாவோடு இருக்கிறது என்று வையுங்கள். லென் அதை அளந்து 11 என்கிறது. ஒன்று கழித்தால் 10. லெஃப்ட் முதல் 10 கேரக்டரை எடுத்துத் தருகிறது. கமா போய்விட்டது. அடுத்த வரிசையில் 'தேனி,' இருந்தால் லென் 5 என்று சொல்லும், லெஃப்ட் 4 எடுக்கும். நீளம் மாறினாலும் பார்முலா அதேதான்.

கணக்கு வழக்கு பார்க்கும் பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பார்முலாவை முதல் வரிசையில் போட்டு, கீழே 300 வரிசைக்கும் இழுத்துவிடுகிறார்கள். முதல் பத்து வரிசை சரியாக இருக்கும். பிரின்ட் எடுத்து பார்சல் மேல் ஒட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

கமா இல்லாத வரிசைக்கு என்ன ஆகும்?

அந்த 300 வரிசையிலும் கமா இருந்தால் கவலை இல்லை. இல்லாத வரிசைகளில் இந்த பார்முலா என்ன செய்யும் என்று ஒரு புதிய ஷீட்டில் டைப் செய்து பாருங்கள். 'மதுரை' என்பது 'மதுர' ஆகும். மதுரைக்காரர்கள் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அதைக்கூட மன்னித்துவிடலாம். 'தேனி' என்பது 'தேன' ஆகும். 'சேத்தூர்' என்பது 'சேத்தூர' ஆகும். 'புதுக்கோட்டை' என்பது 'புதுக்கோட்ட' ஆகும். 'ராஜபாளையம்' என்பது 'ராஜபாளையம' ஆகும்.

கடைசி உதாரணத்தை உற்றுப் பாருங்கள். போனது ஒரு சின்னப் புள்ளி. திரையில் பார்த்தால் சட்டென்று தெரியாது. எக்ஸெல்லும் எந்த எரரும் காட்டாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை ஒரு கேரக்டரை நீக்கச் சொன்னீர்கள், நீக்கிவிட்டது. ஊர்ப் பெயர் என்றால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆள் பெயர் உள்ள காலம் என்றால்? 'செல்வம்' என்ற பெயர் 'செல்வம' என்று ஆகி, அந்தப் பட்டியல் இன்னோர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஓர் அட்டையில் அச்சாகிவிட்டால், திருத்துவதற்கு அந்த மனிதர்தான் அலைய வேண்டும்.

எனவே வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். கடைசியில் இருப்பது கமாதானா என்று கேட்டுவிட்டு, ஆம் என்றால் மட்டும் வெட்டு. இல்லை என்றால் தொடாதே என்று சொல்ல வேண்டும். அதற்கு இஃப் இருக்கிறது.

=இஃப்(ரைட்(ஏ2,1)=",",லெஃப்ட்(ஏ2,லென்(ஏ2)-1),ஏ2&"")

ரைட்(ஏ2,1) என்பது வலது பக்கக் கடைசிக் கேரக்டர் ஒன்றை எடுக்கிறது. அது கமாவா என்று பார்க்கிறோம். கமா என்றால் நடுவில் உள்ள லெஃப்ட் வேலை செய்யும். இல்லை என்றால் ஏ2 அப்படியே வரும்.

கடைசியில் ஏ2 என்று மட்டும் போடாமல் &"" என்று ஒட்டியிருப்பது ஏன் என்று கேட்பீர்கள். நடுவில் ஏதாவது செல் காலியாக இருந்தால், ஏ2 என்று மட்டும் எழுதிய பார்முலா அந்த இடத்தில் 0 என்று காட்டும். ஊர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால் நன்றாகவா இருக்கும்? &"" என்று சேர்த்தால் காலியாகவே இருக்கும். முதலில் பார்த்த பழைய பார்முலா காலி செல்லில் எக்ஸெல்லில் #வேல்யூ! என்றும், கால்க்கில் எர்ர்:502 என்றும் எரர் காட்டும், காரணம் பூஜ்யத்தில் ஒன்றைக் கழித்து, மைனஸ் ஒன்று கேரக்டர் எடு என்று அதனிடம் சொல்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத கடைசிக் கேரக்டர்

இவ்வளவு செய்தும் சில வரிசைகளில் கமா போகாது. பார்முலா சரி, கமாவும் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது. அந்த செல்லில் டபுள் கிளிக் செய்து கீபோர்டில் எண்ட் கீயைத் தட்டுங்கள். கர்சர் கமாவை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால், கமாவுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது என்று அர்த்தம். கமா போட்டதும் ஸ்பேஸ் தட்டுவது டைப்பிஸ்ட்களின் விரல் பழக்கம். அப்போது கடைசிக் கேரக்டர் ஸ்பேஸ்தான், கமா இல்லை.

இதற்கு ட்ரிம் என்ற பங்க்ஷன் இருக்கிறது. பி காலத்தில் =ட்ரிம்(ஏ2) என்று கொடுத்து, சி காலத்தில் மேலே சொன்ன இஃப் பார்முலாவை ஏ2 என்பதற்குப் பதில் பி2 என்று போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே பார்முலாவுக்குள் திணிக்கலாம். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் ஒரு காலம் வைத்துக்கொள்வதுதான் நல்லது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியும்.

இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டிய பட்டியல் என்றால் ட்ரிம் போட்டாலும் சில ஸ்பேஸ் போகாது. அது சாதாரண ஸ்பேஸ் இல்லை. வரி உடையாமல் இருக்கப் பயன்படுத்தும் வேறொரு ஸ்பேஸ். சாதாரண ஸ்பேஸின் எண் 32, இதன் எண் 160. ட்ரிம் 32ஐ மட்டும்தான் கவனிக்கும். =ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிகேர்(160)," ")) என்று கொடுத்தால் முதலில் 160ஐ 32 ஆக மாற்றி, பிறகு நீக்கிவிடும்.

சிலர், "எதற்கு இத்தனை வேலை? ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டுக் கமாவையெல்லாம் காலி செய்துவிடலாமே" என்பார்கள். ஊர்ப் பெயர் மட்டும் உள்ள காலத்தில் செய்யலாம். '12, வடக்குத் தெரு,' என்று இருக்கிற காலத்தில் செய்தால் கதவு எண்ணுக்குப் பின்னால் உள்ள கமாவும் சேர்ந்து போகும்.

பழைய காலத்தை அழிக்கும் முன்

பார்முலா வேலை செய்ததும் ஏ காலத்தை டெலீட் செய்துவிடாதீர்கள். பார்முலா ஏ காலத்தைப் பார்த்துத்தான் விடை சொல்கிறது. அதை அழித்தால் எல்லா வரிசையிலும் எரர்தான் நிற்கும். சி காலம் முழுவதையும் தேர்வு செய்து காப்பி கொடுங்கள். டி காலத்தின் முதல் செல்லில் ரைட் கிளிக் செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் சென்று, வேல்யூஸ் என்பதைத் தேர்வு செய்து ஓகே அழுத்துங்கள். இப்போது டி காலத்தில் பார்முலா இல்லை, வெறும் எழுத்துகள்தான்.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். =கவுண்ட்இஃப்(பி2:பி301,"*,") என்று ஒரு காலி செல்லில் கொடுத்தால், கமாவில் முடியும் வரிசைகள் எத்தனை என்று சொல்லும். நட்சத்திரக்குறிக்கு 'எது வேண்டுமானாலும்' என்று பொருள். 140 என்று வந்தால், மாறிய வரிசைகளும் 140 ஆக இருக்க வேண்டும். இ காலத்தில் =லென்(பி2)-லென்(டி2) என்று போட்டு இழுத்துவிட்டு, அதன் கூட்டுத்தொகையைப் பாருங்கள். அதுவும் 140 என்றால் நிம்மதியாக ஏ காலத்தை மறைத்து வைக்கலாம். அழிப்பதை விட மறைத்து வைப்பதே என் வழக்கம்.

விலைப் பட்டியலில் ஒரு மாறுதல்

நம் ஊரில் விலை எழுதும்போது 180 என்று மட்டும் எழுத மாட்டோம். யாரும் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது என்று 180/- என்று கோடு போட்டு முடிப்போம். செக்கிலும் பில்லிலும் அது பாதுகாப்பு. எக்ஸெல்லில் 180/- என்று டைப் செய்தால் அது எண் இல்லை, எழுத்து. அந்தக் காலத்தை சம் போட்டுக் கூட்டினால் பூஜ்யம் வரும்.

இங்கே நீக்க வேண்டியது இரண்டு கேரக்டர். லென்னில் 2 கழித்தால் 95/- என்பது 95 ஆகும், 1,250/- என்பது 1,250 ஆகும். ஆனால் அப்போதும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான் வரும்! லெஃப்ட் எதை வெட்டித் தந்தாலும் எழுத்தாகவே தரும் என்பதுதான் காரணம். அதை எண்ணாக மாற்ற வேல்யூ என்ற பங்க்ஷனுக்குள் வைக்க வேண்டும்.

=வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(எஃப்2,"/-",""))

இதில் லெஃப்ட்டுக்குப் பதில் சப்ஸ்டிட்யூட் போட்டிருக்கிறேன். /- இருந்தால் எடுத்துவிடும், இல்லாத வரிசையில் ஒன்றும் செய்யாது. விலைக்கு நடுவில் /- வர வாய்ப்பே இல்லை என்பதால் இங்கே இந்தக் குறுக்குவழி செல்லும்.

ஏழு எழுத்தா, பதினொன்றா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காலி செல்லில் =லென்("தளவாய்புரம்") என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 11 என்று வரும். நீங்கள் விரல் விட்டு எண்ணுங்கள்: த, ள, வா, ய், பு, ர, ம். ஏழுதான். ராஜபாளையம் நமக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பத்து. மதுரை நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்ரீயை ஒன்றாக எண்ணினால் எட்டு எழுத்து. கம்ப்யூட்டர் 18 என்கிறது.

கம்ப்யூட்டர் தப்பாக எண்ணவில்லை. யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகள் சேமிக்கப்படும் விதம் அப்படி. 1991ல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இந்திய மொழிகளுக்காக நம் நாட்டில் உருவாக்கிய இஸ்கி என்ற முறையைப் பின்பற்றி அதில் இடம் ஒதுக்கினார்கள். தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுக்கவில்லை. உயிர் எழுத்துகளுக்கும், க, ங, ச போன்ற அகர வரிசைக்கும் இடம் கொடுத்து, கால், கொம்பு, சுழி, மெய்ப்புள்ளி ஆகியவற்றைத் தனிக் குறிகளாக வைத்துவிட்டார்கள். 'வா' என்றால் வ ஒரு கேரக்டர், கால் ஒரு கேரக்டர். 'ம்' என்றால் ம ஒன்று, புள்ளி ஒன்று.

இலக்கணப்படி 'ம்' என்ற மெய்யோடு 'அ' சேர்ந்தால்தான் 'ம'. கம்ப்யூட்டரில் தலைகீழ். 'ம' தான் முதல், அதன் மேல் புள்ளி வைத்தால் 'ம்'. கையால் எழுதும்போது நாமும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோட்பேடில் இதை நேரில் பார்க்கலாம். 'மதுரை' என்று டைப் செய்து பேக்ஸ்பேஸ் ஒரு முறை தட்டுங்கள். 'மதுர' என்று நிற்கும். திரும்பவும் 'ரை' ஆக்கிவிட்டு, கர்சரை 'ரை'க்கு முன்னால் வைத்து டெலீட் தட்டுங்கள். பெரும்பாலான விண்டோஸ் புரோகிராம்களில் 'ரை' முழுவதும் போய்விடும். பேக்ஸ்பேஸ் கேரக்டரை நீக்குகிறது. டெலீட் எழுத்தை நீக்குகிறது. லெஃப்ட் பங்க்ஷன் பேக்ஸ்பேஸ் கட்சி.

தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை மெய்யெழுத்தில் முடியும், அல்லது குறி ஏறிய உயிர்மெய்யில் முடியும். பல, சில, அழகிய, வர, போக என்று அகரத்தில் முடிபவை குறைவு. ஆகவே கடைசிக் கேரக்டரை வெட்டும் பார்முலா தமிழில் எங்கே தவறிப் பட்டாலும் அநேகமாகப் புள்ளியையோ கொம்பையோதான் வெட்டும். எழுத்து முழுதாகப் போயிருந்தாலாவது கண்ணில் படும்.

கமாவைப் பொறுத்தவரை பிரச்சினை இல்லை. கமா எந்த மொழியிலும் ஒரே கேரக்டர்தான். ஆனால் தமிழ் எழுத்தையே நீக்க வேண்டிய வேலை வந்தால்? பிள்ளைகள் விளையாடும் சொல் சங்கிலியை எக்ஸெல்லில் செய்ய ஒரு மாணவன் முயன்றான். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் ஆரம்பிக்க வேண்டும். 'மதுரை'க்கு ரைட் போட்டால் 'ரை' வரவில்லை. புள்ளி வட்டத்தோடு ஐகாரக் கொம்பு மட்டும் தனியாக வந்து நின்றது. அவனுக்குக் கொடுத்த வழி இது.

ஒவ்வொரு கேரக்டருக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. க என்பது 2965, ஹ என்பது 3001. துணைக்காலின் எண் 3006. அதிலிருந்து மெய்ப்புள்ளியின் 3021 வரை எல்லாம் ஒட்டிக்கொள்ளும் குறிகள். எனவே கடைசிக் கேரக்டரின் எண் 3006க்கும் 3021க்கும் இடையில் இருந்தால் இரண்டு கேரக்டரை நீக்கு, இல்லை என்றால் ஒன்றை நீக்கு என்று சொன்னால் போதும்.

=லெஃப்ட்(ஏ2,லென்(ஏ2)-இஃப்(அண்ட்(யூனிகோட்(ரைட்(ஏ2,1))>=3006,யூனிகோட்(ரைட்(ஏ2,1))<=3021),2,1))

நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். நடுவில் உள்ள இஃப் பகுதி 2 அல்லது 1 என்று ஓர் எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான். 'ராஜபாளையம்' இப்போது 'ராஜபாளைய' ஆகும். 'மதுரை' என்பது 'மது' ஆகும். லெஃப்ட் என்பதை ரைட் என்று மாற்றி, லென்(ஏ2)- என்பதை எடுத்துவிட்டால் அதே பார்முலா கடைசித் தமிழ் எழுத்தைக் கொடுக்கும். யூனிகோட் என்ற பங்க்ஷன் எக்ஸெல் 2013 முதல்தான் உண்டு. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கால்க்கில் செய்யலாம்.

இதிலும் இரண்டு இடம் இடிக்கும். 'ஜெயஸ்ரீ' என்ற பெயரில் ஸ்ரீயை ஒரே எழுத்தாக நினைத்து நீக்கினால் 'ஜெயஸ்' என்றுதான் மிஞ்சும். ஸ்ரீ நான்கு கேரக்டரால் ஆனது. இன்னொன்று, 'கொ' போன்ற எழுத்துகள். சில பழைய மென்பொருள்களில் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமித்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, நீளத்தில் மட்டும் ஒன்று கூடும்.

பாமினி பைல்கள் வைத்திருப்பவர்களுக்கு

டிடிபி சென்டர்களில் செய்த பழைய பைல்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். அதில் தமிழ் என்பது திரையில் தெரியும் வேஷம் மட்டுமே. உள்ளே இருப்பவை ஆங்கிலக் கீபோர்டின் எழுத்துகளும் குறிகளும். பாமினியில் மெய்ப்புள்ளி வைக்கும் கீ செமிகோலன். 'இ' என்ற எழுத்து இருக்கும் கீ கமா! அந்த பைலில் கமாவை நீக்கச் சொன்னால் 'இ' காணாமல் போகும். வரி முடிவில் உள்ள செமிகோலனை நீக்கச் சொன்னால் ஊர்ப் பெயரின் 'ம்' எல்லாம் 'ம' ஆகிவிடும். இந்த மாதிரி பைல்களை முதலில் கன்வெர்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும்.

புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கு

லெஃப்ட், லென் இரண்டும் பேசிக் மொழியிலும் இதே பெயரில் இருக்கின்றன. எக்ஸெல் மேக்ரோ எழுதுபவர்கள் அப்படியே பயன்படுத்தலாம். பெர்ல் என்ற மொழியில் இந்த வேலைக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. சாப் என்பது கடைசிக் கேரக்டர் எதுவானாலும் வெட்டும். சாம்ப் என்பது கடைசியில் வரி முடிவுக் குறி இருந்தால் மட்டும் வெட்டும். மேலே நாம் போட்ட முதல் பார்முலா சாப்; இஃப் சேர்த்தது சாம்ப்.

பைதான் கற்பவர்கள் ஆர்ஸ்டிரிப் என்ற கட்டளையில் கவனமாக இருங்கள். அதன் அடைப்புக்குறிக்குள் 'ம்' என்று கொடுத்தால், 'ம்' என்ற எழுத்தை நீக்கு என்று அது புரிந்துகொள்ளாது. ம, மெய்ப்புள்ளி ஆகிய இரண்டு கேரக்டரில் எது கடைசியில் இருந்தாலும் நீக்கிக்கொண்டே போகும். 'தேன்' என்ற சொல்லில் 'ம்' இல்லவே இல்லை. ஆனால் அதன் புள்ளியைப் பிடுங்கி 'தேன' என்று கொடுத்துவிடும். 2020ல் வந்த பைதான் 3.9 முதல் ரிமூவ்சஃபிக்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்த முடிவு முழுதாக அப்படியே இருந்தால் மட்டும் நீக்கும். அதையே பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்துகளாகப் பிரித்து எண்ண வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகம் பைதானுக்குக் கிடைக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2014ல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி 'ம்' என்பதைத் தானாகவே ஒன்றாக எண்ணும். ஸ்ரீயை அதுவும் இரண்டாகத்தான் பார்க்கும்.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்தால் இந்தத் தொல்லையே இராதே என்று தோன்றும். அப்படி ஒரு முறை உண்டு. டேஸ்16 என்று பெயர். 2010 ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றுத் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. அதில் 'ம்' ஒரே கேரக்டர், ஒன்று கழித்தால் ஓர் எழுத்து போகும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர், செல்போன், இணையம் மூன்றும் யூனிகோடில்தான் பேசிக்கொள்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு நாம் குறிகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

கமா போடாமலே முகவரி

பட்டியல் சுத்தமான பிறகு அதை அப்படியே வைத்திருக்க ஒரு வழி சொல்கிறேன். பெயர், தெரு, ஊர், பின்கோடு நான்கையும் பி முதல் இ வரை நான்கு காலங்களில், கமாவோ முற்றுப்புள்ளியோ இல்லாமல் டைப் செய்யச் சொல்லுங்கள். முகவரி முழுவதையும் ஒரே செல்லில் டைப் செய்து, முடிவில் பின்கோடை முற்றுப்புள்ளியோடு 626117. என்று எழுதிவிட்டு, பிறகு ரைட் போட்டு ஆறு கேரக்டர் எடுத்தால் 26117. என்று வரும், பார்சல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. லேபிள் அடிக்கும்போது மட்டும் கமா தானாக வரட்டும்.

=டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,பி2:இ2)&"."

இது நான்கு செல்லையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் மட்டும் கமா போட்டு, முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வைக்கும். நடுவில் உள்ள ட்ரூ, காலி செல்லைத் தாண்டிப் போ என்று சொல்கிறது. தெரு பெயர் இல்லாத முகவரியில் இரண்டு கமா அடுத்தடுத்து வராது. எக்ஸெல் 2019 முதலும், லிப்ரே ஆபீஸ் 5.2 முதலும் இந்த வசதி இருக்கிறது.